சிறுதொழிலுக்கு ஒரு விசிற்றிங் காட்: அச்சகத்துக்குப் போவதற்கு முன்

மீளக்குடியமர்ந்து சில மாதங்கள் சென்றதும் பல வீடுகளில் ஏதோ ஒரு கைத்தொழில் மெல்லத் தொடங்கிவிடுகிறது. வயல் வேலைக்கும் கூலி வேலைக்கும் இடையில் ஒருவர் நீரிறைக்கும் இயந்திரம் திருத்துகிறார். இன்னொரு வீட்டுத் தாழ்வாரத்தில் தையல் மெசின் ஓடுகிறது. வேறொரு வீட்டில் மிளகாய் வறுத்து இடித்துப் பைகளில் அடைக்கிறார்கள். வேலை தெரியும், கருவியும் எப்படியோ கிடைத்துவிட்டது. ஆனால் நீங்கள் இந்த வேலை செய்கிறீர்கள் என்பது அடுத்த கிராமத்துக்குத் தெரியாது.

இடம்பெயர்வதற்கு முன்னர் இதற்கு அட்டை எதுவும் தேவைப்படவில்லை. "சங்கக்கடைக்குப் பின்னால இருக்கிற தையல்கார அக்கா" என்றால் போதும், ஆள் வந்து சேர்ந்துவிடுவார். இன்று அந்தச் சங்கக்கடை இருந்த இடத்தில் வெறும் அத்திவாரம்தான் இருக்கலாம். வழி சொல்லக்கூடிய அயலவர்களில் சிலர் இன்னும் திரும்பவில்லை. திரும்பிய வாடிக்கையாளர்களுக்கு நீங்களும் திரும்பிவிட்டீர்கள் என்பது தெரியாது. இந்த இடைவெளியை நிரப்புவதற்குச் சிறிய அட்டையொன்று உதவும். விசிற்றிங் காட் என்றும் வியாபார அட்டை என்றும் சொல்லப்படும் அதை எப்படி எழுதுவது, எப்படி அச்சிடுவது, எதற்குப் பணம் செலவழிக்கக் கூடாது என்பவற்றை இங்கே விளக்குகிறோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அட்டை என்பது அழகுப் பொருள் அல்ல. வேலை தேவைப்படும் நேரத்தில் இன்னொருவருடைய கையில் உங்கள் தொலைபேசி இலக்கம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆகவே அட்டைக்கு முன்னர் இலக்கத்தைச் சரிசெய்ய வேண்டும்.

இலக்கம் யாருடையது?

நலன்புரி நிலையத்தில் ஒரு சிம், உறவினர் வீட்டில் இருந்தபோது இன்னொரு சிம், ஊருக்கு வந்ததும் சிக்னல் இல்லையென்று மூன்றாவது சிம் என்று பலருக்கும் இலக்கங்கள் மாறியிருக்கின்றன. இவற்றில் சில தம்பியின் பெயரிலோ தெரிந்தவரின் பெயரிலோ எடுக்கப்பட்டவையாக இருக்கும். அட்டையில் போடும் இலக்கம் உங்களுடைய தேசிய அடையாள அட்டையைக் கொடுத்து உங்கள் பெயரில் பதிந்த இலக்கமாக இருக்கட்டும். போன் தொலைந்தாலோ பழுதடைந்தாலோ அதே இலக்கத்துக்கு மறு சிம் கேட்கும்போது கம்பனி பதிவில் உள்ளவரைத்தான் கேட்கும். அந்த ஆள் கொழும்பில் இருந்தால் அல்லது வெளிநாடு போயிருந்தால் உங்கள் கையில் உள்ள அத்தனை அட்டைகளும் வீண். நீண்ட நாட்கள் பாவிக்காத சிம் துண்டிக்கப்படக் கூடும் என்பதையும் மனதில் வைத்திருங்கள்.

உங்கள் வீட்டு வளவில் எந்தக் கம்பனியின் சிக்னல் உண்மையாகவே கிடைக்கிறது என்று ஓரிரு வாரம் பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது. சந்தியில் எடுக்கும், வீட்டுக்குள் எடுக்காது என்றால் அது வேலைக்கான இலக்கம் அல்ல.

பெண்கள் தனியாகக் குடும்பத்தைக் கொண்டு நடத்தும் வீடுகளில் வேறொரு கவலையும் உண்டு. அட்டை எவருடைய கைக்கும் போகும். நேரம் கெட்ட நேரத்தில் தெரியாதவர்கள் அழைப்பார்கள். இந்தக் கவலை நியாயமானது, அதை ஒதுக்கிவிட வேண்டாம். தொழிலுக்கென்று தனி சிம் ஒன்றை வைத்து, இரவானதும் அதை நிறுத்திவிடலாம். அட்டையில் உங்கள் பெயருக்குப் பதிலாகத் தொழிலின் பெயரை மட்டும் போடலாம். "காலை 8 முதல் மாலை 6 வரை" என்று நேரத்தை அச்சிட்டுவிடலாம். வீட்டு முகவரியை முழுமையாகப் போடாமல் கிராமத்தின் பெயரோடு நிறுத்திக்கொண்டு, அழைப்பவர் யாரென்று விளங்கிய பின்னர் வழி சொல்லலாம். கடைகளில் அட்டையைக் குவித்து வைக்காமல் தெரிந்த பெண்களின் கையில் கொடுத்துப் பரப்புவது இன்னும் பாதுகாப்பானது. அடையாள அட்டை இலக்கத்தையோ வங்கிக் கணக்கு இலக்கத்தையோ யாரும் எக்காரணம் கொண்டும் அட்டையில் அச்சிட வேண்டாம்.

என்ன எழுதுவது?

அட்டையை எடுப்பவர் ஒரே பார்வையில் மூன்று விடயங்களை அறிய வேண்டும்: என்ன வேலை, எந்த இடம், எந்த இலக்கம். பெயர்கூட அதற்குப் பிறகுதான். பலருடைய அட்டையில் பெயர் நடுவில் பெரிதாகவும், சுற்றிப் பூங்கொடியும், என்ன வேலை என்பது மூலையில் பொடி எழுத்திலும் இருக்கும். அதை வாங்கிப் பையில் வைப்பவர் ஒரு மாதம் கழித்து எடுத்துப் பார்க்கும்போது இது யாரென்று யோசிப்பார்.

வேலையைச் சொல்லும்போது துல்லியமாகச் சொல்லுங்கள். "தையல் வேலைகள்" என்பதைவிட "பாடசாலைச் சீருடை, சாறிச் சட்டை, பழைய உடுப்புத் திருத்தம்" என்பது வேலை கொண்டுவரும். "இயந்திரத் திருத்துநர்" என்பதைவிட "நீரிறைக்கும் இயந்திரம், மருந்து தெளிகருவி திருத்துதல் – வயலுக்கே வந்து பார்க்கப்படும்" என்பது கமக்காரருக்கு உடனே விளங்கும். செய்யத் தெரியாத வேலையை இடம் நிரப்புவதற்காகச் சேர்க்காதீர்கள். நான்கு வேலை போட்டுவிட்டு இரண்டுக்கு "இப்ப செய்யிறதில்லை" என்று சொன்னால் மற்ற இரண்டிலும் நம்பிக்கை போய்விடும்.

முன்னர் உங்களுக்குக் கடையொன்று இருந்ததா? அப்படியானால் ஒரு வரி சேருங்கள்: "முன்னர் பரந்தன் சந்தியில் இயங்கியது" என்பது போல. பழைய வாடிக்கையாளர்களும் உங்களைப் போலவே திரும்பி வந்துகொண்டிருக்கிறார்கள். அவர்கள் உங்கள் புதிய முகவரியை அறியமாட்டார்கள், ஆனால் பழைய இடத்தை மறந்திருக்க மாட்டார்கள். எங்கள் அனுபவத்தில் வேறெந்த அலங்காரத்தையும்விட இந்த ஒரு வரிதான் ஆட்களை நின்று பார்க்க வைக்கிறது. "நீங்களோ அது?" என்று கேட்பார்கள். அந்தக் கடையைப் பங்காளியோடு சேர்ந்து நடத்தியிருந்தால் பெயரைப் பாவிப்பதற்கு முன்னர் அவரிடம் அல்லது அவருடைய குடும்பத்தினரிடம் ஒரு சொல் கேட்டுவிடுங்கள்.

இடத்தைக் குறிப்பிடுவதில் அவதானம் வேண்டும். வீட்டு இலக்கமோ வீதியின் பெயர்ப்பலகையோ இல்லாத இடங்களில் அடையாளம் சொல்லித்தான் ஆக வேண்டும். நிலைத்து நிற்கும் அடையாளத்தைத் தெரிவுசெய்யுங்கள்: கோயில், தேவாலயம், பாடசாலை, வாய்க்கால் இலக்கம், பிரதான வீதியின் மைல்கல். தற்காலிகக் கொட்டில், தண்ணீர்த் தாங்கி, நிறுவனங்களின் பெயர்ப்பலகை போன்றவை ஒரு வருடத்தில் காணாமல் போகலாம். எமது அலுவலகத்தையும் அடையாளமாகப் போட வேண்டாம். நாங்கள் ஒரு நாள் போய்விடுவோம், நீங்கள் இருப்பீர்கள்.

அதேபோல உதவி செய்த நிறுவனத்தின் சின்னத்தையும் அட்டையில் சேர்க்காதீர்கள். தையல் மெசினில் ஒட்டியிருக்கும் சின்னத்தை நன்றியுணர்வோடு அட்டையிலும் போட விரும்புபவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சின்னத்தைப் பார்ப்பவர் இது இலவசச் சேவை என்று நினைத்துக்கொண்டு வருவார். கூலி கேட்டால் முகம் சுளிப்பார். அரசாங்க இலச்சினையும் அவ்வாறே. "அரச அங்கீகாரம் பெற்றது" என்று அங்கீகாரம் இல்லாமல் எழுதுவது சிக்கலில் மாட்டிவிடும்.

பெயரும் பதிவும்

உங்கள் சொந்த முழுப் பெயரிலேயே தொழில் செய்வது வேறு. "கலைமகள் தையலகம்" என்பது போல ஒரு பெயரை வைத்துத் தொழில் செய்தால் அதை வர்த்தகப் பெயராகப் பதிவுசெய்ய வேண்டும். இதற்குப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பம் பெறலாம். என்னென்ன ஆவணங்கள் தேவை, கட்டணம் எவ்வளவு என்பதை அங்கேயே கேளுங்கள். பழைய பதிவுச் சான்றிதழ் இடப்பெயர்வில் தொலைந்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். சில தொழில்களுக்குப் பிரதேச சபையின் அனுமதிப் பத்திரமும் வேண்டியிருக்கும்.

அட்டை அடிப்பதற்கு முன்னர் இதை முடிப்பதில் ஒரு நடைமுறை இலாபம் உண்டு. பாடசாலை, கூட்டுறவுச் சங்கம், அலுவலகம் போன்றவை வேலைக்குக் காசோலை தரும்போது அட்டையில் உள்ள பெயரைப் பார்த்தே எழுதுவார்கள். அந்தப் பெயரில் உங்களுக்கு வங்கிக் கணக்கு இல்லையென்றால் காசோலையைக் கையில் வைத்துக்கொண்டு திரிய வேண்டியதுதான். பதிவு இன்னும் முடியவில்லையானால் வங்கிப் புத்தகத்தில் உள்ள உங்கள் பெயரை, அதே எழுத்துக்களில் அட்டையில் போடுங்கள்.

மிளகாய்த்தூள், மிக்சர், பனங்கட்டி போன்ற உணவுப் பொருள் செய்பவர்கள் அட்டையையே பைக்குள் போட்டு ஒட்டிவிடுவதைக் காண்கிறோம். அட்டை லேபலுக்கு ஈடாகாது. பொதிசெய்த உணவின் மேல் பொருளின் பெயர், நிறை, காலாவதித் திகதி, செய்தவரின் முகவரி முதலியன இருக்க வேண்டும். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் இதைச் சொல்லித் தருவார். அவரிடம் முதலே போவது, அவர் உங்களிடம் வருவதைவிட நல்லது.

எத்தனை மொழியில்?

அயற்கிராமங்களுக்குத் தமிழ் போதும். ஏ9 வீதியோரத்தில் தொழில் செய்பவர்களுக்கும், அலுவலகங்களில் வேலை எடுக்கும் மேசன், தச்சர் போன்றவர்களுக்கும் சிங்களமும் ஆங்கிலமும் உதவும். அப்படியானால் பின்பக்கத்தைப் பாவியுங்கள், ஒரே பக்கத்தில் மூன்று மொழியையும் நெருக்க வேண்டாம். சிங்கள வரியை அந்த மொழி நன்கு வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் அச்சிடக் கொடுக்காதீர்கள்.

தையல் செய்பவர்களுக்கு எமது ஆலோசனை வேறு. பின்பக்கத்தை வெறுமையாக விடுங்கள், அல்லது மூன்று கோடுகளை மட்டும் அச்சிடுங்கள்: "பெறும் திகதி", "முற்பணம்", "மிகுதி". துணி வாங்கும்போது அந்த இடங்களைப் பேனாவால் நிரப்பி அட்டையைக் கொடுத்தால் அதுவே பற்றுச்சீட்டு. எவ்வளவு தந்தேன், எவ்வளவு தரவில்லை என்ற வாக்குவாதம் குறையும். பற்றுச்சீட்டு என்பதால் அட்டையைத் தூக்கியெறியவும் மாட்டார்கள். இதற்குப் பளபளப்பான மட்டை சரிவராது, பேனா எழுதாது. மினுக்கமில்லாத மட்டை கேட்டு வாங்குங்கள்.

வெளிநாட்டில் உள்ள சொந்தக்காரர் ஊரில் இருக்கும் பெற்றோருக்கு உடுப்புத் தைக்கவோ கிணறு இறைக்கவோ சொல்லி அழைப்பது இப்போது வழமை. அப்படியான வாடிக்கை உங்களுக்கு உண்டென்றால் இலக்கத்தின் முதல் பூச்சியத்தை நீக்கி முன்னால் 94 சேர்த்து இன்னொரு வரியாகப் போடலாம். ஊர் இலக்கத்தை 10 தானங்களிலும் அப்படியே விடுங்கள். ஒரே நீளமாக எழுதாமல் 3, 3, 4 என்று இடைவெளி விட்டு எழுதினால் வாசிப்பதும் அழுத்துவதும் இலகு.

அளவு, எழுத்து, நிறம்

வழமையான அட்டை 90 மில்லிமீற்றர் அகலமும் 55 மில்லிமீற்றர் உயரமும் கொண்டது. ஏ4 தாளில் அகலத்துக்கு 2, உயரத்துக்கு 5 என்று 10 அட்டைகள் அடங்கும். அதாவது 100 அட்டைக்கு 10 தாள். போட்டோக்கொப்பித் தாள் பொதுவாகச் சதுர மீற்றருக்கு 80 கிராம் நிறையுள்ளது, அது இதற்கு மிக மெல்லியது. 250 முதல் 300 கிராம் வரையான மட்டை பொருத்தமானது. ஓரத்திலிருந்து 5 மில்லிமீற்றருக்குள் எழுத்து எதுவும் வேண்டாம், வெட்டும்போது கத்தி சற்று விலகினால் இலக்கத்தின் கடைசித் தானம் போய்விடும்.

தமிழ் எழுத்துக்குச் சுழியும் கொம்பும் விசிறியும் அதிகம். ஆங்கிலத்தை வாசிக்கக்கூடிய சிறிய அளவில் தமிழ் அடைத்துப்போகும். 9 புள்ளிக்குக் குறையாமலும், தொலைபேசி இலக்கத்தை 13 அல்லது 14 புள்ளியிலும் கேளுங்கள். கடும் நிறப் பின்னணியில் வெள்ளை எழுத்துக் கொம்பியூட்டரில் வடிவாகத் தெரியும், அச்சில் மை பரவிச் சுழிகளை மூடிவிடும். மஞ்சளில் இலக்கம் போடவே வேண்டாம். வெள்ளை மட்டையில் கறுப்பு எழுத்து, வேண்டுமானால் தலைப்புக்கு மட்டும் ஒரு நிறம். இதற்குமேல் தேவையில்லை.

புறூவ் பார்த்தல்

செலவு முழுவதும் வீணாகும் இடம் இதுதான், ஆகவே பொறுமையாக வாசியுங்கள்.

எமது நாட்டில் பல அச்சகங்களும் தட்டச்சுக் கடைகளும் பாமினி எழுத்துருவில் வேலை செய்கின்றன. பாமினியில் தட்டச்சுச் செய்த பைலை அந்த எழுத்துரு இல்லாத கொம்பியூட்டரில் திறந்தால் தமிழுக்குப் பதிலாகப் பொருளற்ற ஆங்கில எழுத்துக்கள் வரும். யுனிகோட்டில் அடித்ததைப் பழைய வடிவமைப்பு மென்பொருளில் ஒட்டினால் கொம்பு தவறான பக்கத்துக்குப் போய்விடும், புள்ளி தனியே நிற்கும். நீங்கள் ஓரிடத்தில் வடிவமைத்து இன்னோரிடத்தில் அச்சிடுவதாக இருந்தால் பைலைப் பீடிஎவ் ஆக வாங்குங்கள், எழுத்துரு அதற்குள் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும் என்று சொல்லுங்கள். கடைக்காரருக்கு விளங்கும்.

திரையில் பார்த்துச் "சரி" என்று சொல்ல வேண்டாம். ஒரு பிரதி தாளில் எடுத்துத் தரச் சொல்லுங்கள். சொந்தப் பெயரில் உள்ள பிழை சொந்தக் கண்ணுக்குத் தெரியாது, ஆகவே உங்களோடு வந்தவரிடம் கொடுத்து எழுத்து எழுத்தாக வாசிக்கச் சொல்லுங்கள். பாடசாலை போகும் பிள்ளை இதற்கு மிகச் சிறந்த ஆள். பிறகு, இது முக்கியம், அந்தத் தாளில் உள்ள இலக்கத்தைப் பார்த்து இன்னொருவருடைய போனிலிருந்து அழுத்துங்கள். உங்கள் சட்டைப்பையில் உள்ள போன் அடித்தால் மட்டும் ஒப்பமிடுங்கள். நினைவிலிருந்து அழுத்தக் கூடாது, தாளைப் பார்த்தே அழுத்த வேண்டும். ஒப்பமிட்ட பின்னர் வரும் பிழைக்கு அச்சகம் பொறுப்பேற்காது, அதில் அவர்கள் மீது குறை சொல்லவும் முடியாது.

எத்தனை அடிப்பது?

அச்சகத்தில் "ஆயிரமாய் அடிச்சால் ஒண்டு மலிவு" என்று சொல்வார்கள். அது பொய்யல்ல. ஓவ்செற் அச்சில் தகடு செய்யும் செலவு 100 அட்டைக்கும் 1000 அட்டைக்கும் ஒன்றுதான். ஆகவே எண்ணிக்கை கூடக்கூட ஓர் அட்டையின் விலை குறையும். டிஜிற்றல் அச்சில் தகடு இல்லை, 50 அடித்தாலும் 500 அடித்தாலும் ஒன்றின் விலை பெரிதாக மாறாது.

ஆனால் உங்கள் நிலைமையை எண்ணிப் பாருங்கள். இப்போது தற்காலிக வீட்டில் இருக்கிறீர்கள். வீட்டுத்திட்டத்தில் பெயர் வந்தால் அதே காணியில் வேறு பக்கத்துக்கோ, காணிப் பிரச்சினை தீராவிட்டால் வேறு கிராமத்துக்கோ போக நேரலாம். எந்த வேலைக்கு ஆள் வரும் என்பது ஆறு மாதம் போனால்தான் தெரியும். சீருடை என்று தொடங்கியவர் திரைச்சீலையில் நின்றுவிடலாம். இந்த நிலையில் 1000 அட்டை மலிவல்ல, 900 அட்டை அலுமாரியில் கிடந்து கறையான் தின்னும். முதல் தடவை 100 போதும், டிஜிற்றலில் அடியுங்கள். மிச்சக் காசுக்கு நூலும் ஊசியும் வாங்கலாம். வாழ்வாதார உதவிப் பணம் கைக்கு வந்த உடனேயே அட்டைக்கும் பெயர்ப்பலகைக்கும் செலவழித்துவிட்டு மூலப்பொருளுக்குக் கடன் வாங்குவது தலைகீழான வேலை.

அதுவும் இயலாதென்றால் றப்பர் முத்திரையொன்று செய்வியுங்கள். தொழில், இடம், இலக்கம் என்று மூன்று வரி. மட்டையை வெட்டி அதில் குத்தலாம், பற்றுச்சீட்டில் குத்தலாம், கடதாசிப் பையிலும் குத்தலாம். இடம் மாறினால் முத்திரையை மட்டும் மாற்றினால் போதும். பார்வைக்குச் சாதாரணம்தான், ஆனால் அடிக்கும் போன் அதே போன்தான்.

வீட்டுப் பிரிண்டரில் எடுத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒரு சோதனை: காய்ந்த பின்னர் ஈரவிரலால் இலக்கத்தின் மேல் தடவிப் பாருங்கள். இங்க்ஜெற் மை பெரும்பாலும் கரையும். வியர்வைச் சட்டைப்பையிலும் மழையிலும் இந்த அட்டை வாழ வேண்டும். லேசர் அச்சு கரையாது.

யாருக்குக் கொடுப்பது?

சந்தியில் நின்று போவோர் வருவோருக்கெல்லாம் கொடுப்பதால் பெரிதாக ஒன்றும் நடக்காது. உங்கள் வேலை எங்கே தேவைப்படும் என்று யோசியுங்கள். தையலுக்கு, துணியும் நூலும் விற்கும் கடை. மேசன் வேலைக்கு, சீமெந்து விற்கும் கடை. கடைக்காரரிடம் கேட்டுவிட்டு வையுங்கள், அவருக்கும் நீங்கள் வாடிக்கை அனுப்புவீர்கள் என்றால் மறுக்கமாட்டார். வேலை முடித்துக் கொடுக்கும் ஒவ்வொருவருக்கும் இரண்டு அட்டை: ஒன்று அவருக்கு, மற்றது அவர் யாருக்காவது கொடுப்பதற்கு.

நீரிறைக்கும் இயந்திரம் திருத்துபவருக்கு அட்டையைவிட ஸ்ரிக்கர் நல்லது. பயிர் வாடும் நேரத்தில் இயந்திரம் நின்றுபோனால் கமக்காரர் வீட்டுக்குப் போய் அட்டை தேடமாட்டார், இயந்திரத்தைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பார். அதில் உங்கள் இலக்கம் ஒட்டியிருக்க வேண்டும். எண்ணெயும் சூடும் படாத பக்கத்தில், துடைத்துவிட்டு ஒட்டுங்கள்.

அட்டைகள் 20 அளவில் குறைந்ததும் மறுபடி அச்சகத்துக்குப் போகாமல் ஒரு மாலை உட்கார்ந்து அட்டையைப் பாருங்கள். எந்த வேலைக்கு அதிகம் அழைத்தார்கள்? வழி தெரியாமல் எத்தனை பேர் போனில் கேட்டார்கள்? கேட்ட கேள்விக்கான பதில் அடுத்த அட்டையில் இருக்கட்டும். அச்சகத்திடமிருந்து உங்கள் பைலை ஒரு பென்டிரைவில் முதலிலேயே வாங்கி வைத்திருந்தால் திருத்தச் செலவும் குறையும்.